சத்துணவு ஆயா

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். ஆசிரியர்களைப் பற்றி எழுத நம் சிங்கப்பூர் கிளையிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சத்துணவுக் கொட்டகையைப் பற்றி எழுதுகிறேன்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. கொட்டகையில் மூன்று பேர்: அமைப்பாளர், சமையலர், உதவியாளர். உதவியாளரைத்தான் எல்லோரும் ஆயா என்போம்.

அந்த ஆயா என் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. நான் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவன் என்பதால் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. வரிசையில் நின்று மற்றவர்களைப் போலவே "ஆயா, கொஞ்சம் சாம்பார்" என்பேன். அத்தை ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்.

மாமா இறந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றவர். நடவும் அறுப்பும் உள்ள மாதங்களில்தான் கையில் காசு. கணவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை, பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற விதிகளால் இந்த வேலை கிடைத்தது. தொகுப்பூதியம், அதாவது மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை; அதுவும் சொற்பம். ஆனால் மாதாமாதம் வரும் என்பதால் மளிகைக் கடைக்காரர் கடன் கொடுக்கத் தொடங்கினார். ஊரில் அவர் "மாசச் சம்பளக்காரி" ஆகிவிட்டார்!

வேலை என்னவோ சமையலுக்கு உதவுவதுதான். ஆனால் அரிசியில் கல் பொறுக்கியது போக, குடிநீர்ப் பானை நிரப்பியது, மயங்கி விழுந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவர்தான். எவன் ஏன் பள்ளிக்கு வரவில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஹெட்மாஸ்டருக்கே அவர் சொல்லித்தான் தெரியும். உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்ததன் அருமை அதில்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த எல்லோரும் வசதியால் கொண்டுவரவில்லை. சமைக்கிற அம்மா எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்துக் கொடுத்தனுப்பிய வீடுகளும் உண்டு. நமக்கெல்லாம் தெரியும், மலரில் மட்டும் எழுத மாட்டோம்.

முட்டை வந்தது 1989 ஜூனில். நான் பத்தாவது முடித்து வெளியேறிய கையோடு! அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மற்ற அரசு ஊழியர்களுக்குப் போல முறையான காலமுறை ஊதியம் கேட்டு நடந்த மறியல்களுக்கெல்லாம் அத்தை போனார். அது கிடைக்காமலே ஓய்வு பெற்றார், அப்புறம் சில வருடங்களில் இறந்தும் போனார்.

2024 தொடக்கத்தில் ஊருக்குப் போனபோது, நம் பள்ளிக்கு எதிரே உள்ள தொடக்கப்பள்ளியில் அரசின் காலை உணவுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமை, பொங்கலும் சாம்பாரும். மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிக்கிறார்கள். வாசலில் நின்ற என்னிடம் ஒருவர், "யாருங்க சார்?" என்றார்.

"சத்துணவு ஆயாவோட அண்ணன் மகன்."

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஒரு தட்டை எடுத்தார்.