நாலாங்கட்டை

"நாலாங்கட்டைக்கு வந்திரு தம்பி, அங்கேயே நில்லு."

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பொருள் கொண்டுவரும் பையன். கட்டை என்றால் மைல்கல். அவனுக்கு மைல் கணக்கு எங்கே தெரியும்!

ரவாங்கிலிருந்து வரும் அந்தச் சாலையில் இப்போது எல்லாம் கிலோமீட்டர்தான்.

மைல்கல் போனது. இருபுறமும் நின்ற பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது.

கட்டை மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை.

"அங்கிள், லொக்கேஷன் அனுப்புங்க," என்றான் பையன்.

பெரியவர் போனை என்னிடம் நீட்டினார்.