மலையில் இருக்கும் சின்னவனின் கையெழுத்து

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்குச் சிவனொளிபாதமலை தூரத்துத் தலம் இல்லை. டிசம்பரில் உந்துவப் போயா என்கிற பௌர்ணமிக்கு யாத்திரைச் சீசன் தொடங்கினால் மே மாதம் வெசாக் போயா வரைக்கும், இருட்டியதும் வாசலுக்கு வந்து நின்றால் போதும், மலைப்பாதை நெடுக விளக்கு எரிவது தெரியும். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிற ஆட்கள் எங்கள் லயத்தில் நிறையப் பேர். அக்காவும் அப்படித்தான். கொழுந்து மலைக்குப் போய் வந்த காலோடு இன்னொரு மலை ஏற யாருக்குத் தெம்பு இருக்கும்? கல்யாணமான புதிதில் அத்தானோடு ஒரு தடவை போனதோடு சரி.

மலைக்கு ஓடி ஓடிப் போனது அவளுடைய கடைசி மகன்தான். வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். சீசன் வந்துவிட்டால் சனி, ஞாயிறும் பள்ளிக்கூட லீவு நாளும் மலையடிவாரத்து நல்லதண்ணியில்தான் இருப்பான். மேலே உள்ள கடைகளுக்கு மா மூட்டை, தண்ணீர்ப் போத்தல், காஸ் சிலிண்டர் எல்லாம் தோளில்தான் ஏற வேண்டும். தோட்டத்துப் பையன்கள் பலருக்கும் அதுதான் சீசன் வேலை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். போன வருசம் மாசி மாதம் காய்ச்சல் என்று படுத்தான், ஒரு வாரத்துக்குள் போய்விட்டான். பதினேழு வயது.

வருசத் திவசம் முடியும்வரை அக்கா எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. திவசம் கொடுத்த அன்று இரவே, "தங்கச்சி, மொதல்ல மலைக்குப் போவோம்" என்றாள்.

ஹட்டனிலிருந்து நான் வந்து அவளைக் கூட்டிக்கொண்டேன். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிந்தது. அக்கா பஸ் ஜன்னலிலிருந்தே அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள். நல்லதண்ணியில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினோம். மகர தோரணம், ஜப்பான் பிக்குமார் கட்டிய வெள்ளைத் தாதுகோபம், அப்புறம் சீத கங்குல. அந்த ஆற்றில் கைகால் முகம் கழுவித்தான் மேலே போக வேண்டும். ஐஸ் தண்ணீர். அக்கா தலையிலும் தெளித்துக்கொண்டாள். இறங்கி வருகிற சிங்களச் சனங்கள் "கருணாவாய்" என்று வாழ்த்த, நம் ஆட்கள் "அரோகரா" என்றார்கள். இந்த மலையில் இரண்டும் கலந்துதான் கேட்கும். உச்சியில் உள்ள பாதச்சுவடு அவர்களுக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம், நமக்குச் சிவன். ஏறுகிற படி எல்லோருக்கும் ஒன்றுதான்.

பாதி வழிக்கு மேலே ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். நான் காசை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா எழும்பிப்போய்க் கூரைக்கம்பில் தொங்கிய பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். "சூடான தேத்தண்ணி, சீனி வேண்டுமென்றால் கேட்கவும்" என்று பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. விலைக்கு மேல் மட்டும் வேறு தாள் ஒட்டி, புது விலை போட்டிருந்தார்கள். ணகரத்தின் கடைசிச் சுழியை வேண்டாத அளவுக்குப் பெரிதாகச் சுழித்துவிடுவது சின்னவனின் வழக்கம். ஐந்தாம் வகுப்பில் அதற்காக டீச்சரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான். பலகையிலும் அதே சுழி. பெயின்ட் கொஞ்சம் வழிந்து காய்ந்த இடத்தை அக்கா விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கடை முதலாளி சிங்களவர், வயதானவர். அக்கா முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "மல்லியோட அம்மாவா?" மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. செய்தி கேட்ட அன்று கடையில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டினாராம். அரைகுறைத் தமிழில் அவர் சொன்னதையெல்லாம் நான் முடிந்த அளவு இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. ராத்திரி படியில் தளர்ந்து உட்கார்ந்துவிட்ட வயதானவர்களைக் கண்டால், சுமையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, அவர்களைக் கைத்தாங்கலாக அடுத்த கடை வரை கொண்டுபோய் விடுவானாம். பிறகு திரும்ப இறங்கி வந்து சுமையை எடுத்துக்கொள்வானாம். இறங்கும்போது ஒருநாளும் வெறும் சாக்கோடு இறங்கியதில்லை. சனங்கள் வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டுதான் போவான். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

"நாந்தானே சொமை தூக்க விட்டேன்" என்று அக்கா அழுதாள். ஒரு வருசமாக உள்ளே வைத்திருந்த சொல் அது.

"நான் வேணாம் சொன்னாலும் வருவான் அம்மா. அவனுக்கு இந்த மலை ரொம்ப ஆசை" என்றார் அவர். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

இந்த ஒரு வருசமாக, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். இருந்திருந்தால் கம்பஸ் போயிருப்பான், இருந்திருந்தால் அம்மாவைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்தியிருப்பான். நாங்களும் அதையே பேசினோம். இருந்த பதினேழு வருசத்தில் அவன் எப்படி வாழ்ந்தான் என்று யாரும் பேசவில்லை. அதைச் சொல்ல இந்த மனிதர் வேண்டியிருந்தது.

இந்திகட்டுபான என்கிற இடத்தில் முதல் தடவை வருகிறவர்கள் ஊசியில் கோத்து இழுத்துவிட்ட வெள்ளை நூல் பாதையோரம் நெடுகக் கிடந்தது. அதற்குப் பிறகு செங்குத்துப் படி. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. 2,243 மீட்டர் உச்சியில் காற்று அடித்த அடியில் போர்வை நிற்கவில்லை. பாதத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் கொளுத்தி, நான் தெரிந்த தேவாரம் ஒன்று பாடினேன். சூரியன் வந்ததும் சனம் முழுக்கச் "சாது, சாது" என்றது. மேற்குப் பக்கம் மேகத்தின் மேல் மலையின் முக்கோண நிழல் விழுந்தது.

மலைக்கு எத்தனை தடவை வந்தோமோ அத்தனை தடவை அங்குள்ள மணியை அடிக்க வேண்டும். சின்னவன் ஒரே ஒரு தடவைதான் அடித்தானாம். சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று வெறுங்கையோடு ஏறி வந்து அடித்திருக்கிறான். சுமையோடு வந்தது வேலை, அது யாத்திரைக் கணக்கில் சேராது என்று முதலாளியிடம் சொன்னானாம். அது அவன் நினைப்பு. சிவன் அந்தச் சுமைகளையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார் என்று நான் முழுசாக நம்புகிறேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள் போல. தன் கணக்கை அடித்துவிட்டு நிறுத்தவில்லை, கை ஓயும்வரை அடித்தாள். பின்னால் வரிசையில் நின்ற சிங்கள ஆச்சி, எத்தனை வருசம் என்று கேட்டார். மகனுக்காக அடிக்கிறாள் என்றேன். அவர் அக்காவின் முதுகைத் தடவி, தன் முறைக்காகப் பேசாமல் நின்றார்.

இறங்கும்போது முதலாளியிடமே பேசி முடிவு செய்தோம். வெசாக் வருவதற்குள் ஒரு சனிக்கிழமை இரவு, அவர் கடைப் பக்கத்தில் கொத்தமல்லித் தண்ணி அவித்துக் கொடுக்கப் போகிறோம். அடுப்பும் விறகும் அவர் பொறுப்பு, கொத்தமல்லி, இஞ்சி, கருப்பட்டி எங்களுடையது. அக்கா ஒன்றுதான் கேட்டாள்: சுமை ஏற்றுகிற பையன்களுக்கு முதலில் ஊற்ற வேண்டும், பக்தர்களுக்கு அதற்குப் பிறகு.