அரசுக்கே 'வேண்டாம்' என்று எழுதித் தரக்கூடிய சட்டத்தரணி ஒருவர் தேவை

தொழில் சட்டத்தில் தேர்ந்த மூத்த அரச சட்டத்தரணி ஒருவர் இலங்கையின் வடக்கு மாகாணத்துக்கென்று வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். விளம்பரம் போட்டால் ஆள் வரும் என்கிறார்கள். ஆள் வரும்தான். சத்தியப்பிரமாணம் செய்து இத்தனை வருடம், தொழில் சட்டத்தில் டிப்ளோமா, முடிந்தால் முதுமாணி, ஆங்கிலத்தில் நல்ல எழுத்து என்று நிபந்தனை போட்டால் அவற்றுக்குப் பொருந்துகிற விண்ணப்பங்கள் வந்து குவியும். அந்தக் குவியலுக்குள் நமக்கு வேண்டியவர் இருக்கிறாரா என்று எதை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதுதான் என் கவலை.

நான் சட்டத்தரணி இல்லை. தொழிற்சங்கப் பிரதிநிதியாக, வேலை நீக்கம் போன்ற பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாயசபையில் தொழிலாளருக்காக நின்று பழகியவன். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31பி பிரிவு, தன் அங்கத்தவருக்காகச் சங்கமே விண்ணப்பம் செய்ய இடம் தருகிறது, அந்த வழியில் வந்தவன். எதிர்ப்பக்கத்தில் அரச கூட்டுத்தாபனங்களுக்கும் சபைகளுக்கும் வந்து நின்ற சட்டத்தரணிகள் பலரைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன், அதில் மிக நல்லவர்களும் உண்டு. ஆகவே இது எதிர்ப்பக்கத்துக்காரன் எழுதுவது என்று தெரிந்தே வாசியுங்கள். ஆனால் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் திறமான ஆள் நின்றால் தொழிலாளிக்குத்தான் முதலில் நன்மை என்று நான் மனதார நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு அரச நிறுவனத்தில் நாட்கூலிக்குத் துப்புரவு வேலை செய்த அம்மா ஒருவருக்காக நாங்கள் விண்ணப்பம் போட்டிருந்தோம். நிறுவனத்துக்காக வந்த சட்டத்தரணி குறுக்கு விசாரணையில், எந்தத் திகதியில் உங்கள் சேவை முடிவுறுத்தப்பட்டது என்று கேட்டார். அம்மா சொன்னது இதுதான்: "ஒருத்தரும் நிப்பாட்டேல்லை ஐயா. வருசப்பிறப்பு முடிஞ்சு போனன், இடாப்பிலை பேர் இல்லை. நாளைக்கு வாங்கோ எண்டிச்சினம். நானும் நாளைக்கு நாளைக்கெண்டு போய்க்கொண்டிருந்தன்." உடனே அவர், அப்படியென்றால் வருடப்பிறப்போடேயே வேலை போய்விட்டது, ஆறு மாதம் கடந்துதான் விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். சட்டத்தில் அந்த ஆறு மாத எல்லை இருக்கிறது, அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் நியாயசபைக்கு வர முன்னம் தன் கட்சிக்காரரிடமே அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. வரவு இடாப்பில் பெயரை வெட்டச் சொன்னது யார்? அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? நாளைக்கு வா என்று இத்தனை மாதம் அலைய விட்ட பிறகு எந்த நாளிலிருந்து ஆறு மாதத்தை எண்ணுவது? இதைக் கேட்டிருந்தால் அந்த வழக்கு அவ்வளவு காலம் இழுபட்டிருக்காது. கடைசியில் நிறுவனம் இணங்கிய தொகை, முதல் தவணையிலேயே நாங்கள் கேட்டதற்குக் கிட்டத்தட்டச் சமம். இடையில் செலவான சட்டக்கட்டணமும் வாகனச் செலவும் பொதுமக்கள் பணம். அந்த அம்மாவின் காலத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே நான் தேடச் சொல்கிற ஆள், அரசுக்காக வாதாடத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. இதை வாதாடாதீர்கள், கொடுத்து முடியுங்கள் என்று திணைக்களத் தலைவருக்குக் கையொப்பம் வைத்து எழுதித் தரக்கூடியவராக இருக்க வேண்டும். அந்தத் துணிவு இளையவர்களிடம் எதிர்பார்க்கிற விடயம் இல்லை, அதனால்தான் 'மூத்த' என்று அழுத்திச் சொல்கிறேன். சேர்ந்து இரண்டு வருடமான ஒருவர் செயலாளருக்கு மறுத்து எழுத முடியுமா? எழுதினால் அடுத்த இடமாற்றம் எங்கே என்று யோசிப்பார், அது மனித இயல்பு.

சரி, இந்த வேலை என்ன என்று பார்த்தால், ஒரே ஆள் மூன்று வேறு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முதலாவது, தனியார் முதலாளிமாருக்கு எதிராகச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது. ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியை எடுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். சம்பளத்தில் ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் தண்டம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். கட்டாதவருக்கு எதிராக 38ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் நிலுவைச் சான்றிதழ் தாக்கல் செய்வார்கள். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் அந்தச் சான்றிதழில் யார் முதலாளி, கடைசியாக எங்கே தொழில் நடத்தினார், எந்தக் காலத்துக்கு எவ்வளவு நிலுவை என்பது சரியாக இல்லாவிட்டால் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முதல் நாளே பிடித்துவிடுவார். கடை அப்பாவின் பெயரில், வங்கிக் கணக்கு மகனின் பெயரில், வியாபாரப் பதிவு வெளிநாட்டில் இருக்கிற மைத்துனர் பெயரில் என்று இங்கே எத்தனை கடைகள் ஓடுகின்றன என்பது யாழ்ப்பாணத்தில் இருக்கிற எவருக்கும் தெரியும். அதை அவிழ்த்து, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய மாதிரிச் சான்றிதழ் தயாரிக்கத் தொழில் உத்தியோகத்தருக்குப் பக்கத்தில் ஒரு கைதேர்ந்த சட்டத்தரணி இருக்க வேண்டும். கடை காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறது. நான் பேசிய கடைப்பிள்ளைகள் பலர் நியமனக் கடிதத்தைக் கண்ணாலும் காணாதவர்கள்.

இரண்டாவது, அரச கூட்டுத்தாபனங்கள். அங்கே வேலை செய்கிறவர் தனியார் துறைக்காரரைப் போலவே தொழில் நியாயசபைக்கு வரலாம். நியாயசபையின் கட்டளை நீதியும் ஒப்புரவுமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம், அதாவது சட்டப் புள்ளியில் மட்டும் தொங்கிக்கொண்டு வெல்ல முடியாது. அதில் திருப்தி இல்லாதவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மூன்றாவதுதான் மிகச் சிக்கலானது, அரசே நேரடி முதலாளியாக நிற்பது. அரச ஊழியருக்குத் தொழில் நியாயசபையின் கதவு திறக்காது. அவருக்கு, அரச சேவையின் விதிகளைத் தொகுத்த தாபன விதிக்கோவையும் அரச சேவை ஆணைக்குழுவும், அதற்கு மேல் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையும்தான். அல்லது நிர்வாக முடிவை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்துகிற எழுத்தாணை மனு. அல்லது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, அதற்குக் கிடைப்பது ஒரு மாதம் மட்டும். மாகாண சேவை என்றால் அதற்கு வேறு ஆணைக்குழு. இந்த வழக்குகள் பெரும்பாலும் தோற்கிற இடம் நீதிமன்றம் இல்லை. ஒழுக்காற்று விசாரணைக்கான குற்றப்பத்திரத்தை யாரோ ஒரு எழுதுநர் பழைய கோவை ஒன்றைப் பார்த்துப் பிரதி செய்த அன்றைக்கே அது தோற்றுவிட்டது. பணித்தடை செய்து வீட்டில் இருத்திவிட்டு விசாரணையை வருடக்கணக்கில் இழுப்பதும் அப்படித்தான். தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயம், எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. குற்றப்பத்திரம் போக முன்னம் அதை வாசித்து, மூன்றாவது குற்றச்சாட்டுக்குச் சாட்சியே இல்லை, எடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஒருவர் இருந்தால் வழக்குகளில் பாதி பிறக்கவே பிறக்காது. தொண்டர் ஆசிரியர், நாட்கூலிச் சுகாதாரத் தொழிலாளி, அமைய ஊழியர் என்று வடக்கில் நிரந்தரமாக்கச் சொல்லி வெயிலில் இருந்த ஒவ்வொரு கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே சட்ட ஆலோசனை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த நிலை வந்திருக்காது!

மொழி பற்றிப் பேசாமல் இந்தப் பதவியைப் பற்றிப் பேச முடியாது. 1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போனால் ஆங்கிலம் இல்லாமல் காலூன்ற முடியாது. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத் தலைமையகத்தோடு கடிதம் எழுத, தொலைபேசியில் கதைக்கச் சிங்களம் வேண்டும். மூன்றும் நன்றாகத் தெரிந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், தமிழில் சாட்சியை விசாரிக்கவும் தமிழில் எழுத்து மூலச் சமர்ப்பணம் எழுதவும் கூடியவரையே நான் முதலில் எடுப்பேன், சிங்களக் கடிதத்துக்கு உதவியாளர் ஒருவர் போதும். மேலே சொன்ன அம்மாவின் மறுமொழியை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்கிறவருக்கு 'வருடப்பிறப்பு' என்ற திகதி மட்டும்தான் போய்ச் சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் இங்கே பெரிய வேலைத்தளமும் இருந்தது, சங்கங்களும் இருந்தன, தொழில் வழக்குப் பேசுகிற சட்டத்தரணிகளும் இருந்தார்கள். 1990இல் அது நின்றது, பிறகு யுத்தம், இடப்பெயர்வு. ஒரு தலைமுறை சட்டத்தரணிகள் காணி வழக்கிலும் ஆட்கொணர்வு மனுவிலும்தான் வளர்ந்தார்கள், காலம் அப்படி. அதனால் 'தொழில் சட்டத்தில் 15 வருட அனுபவம்' என்று நிபந்தனை வைத்தால் இங்குள்ளவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள், கொழும்பிலிருந்து ஒருவர் வந்து ஆறு மாதத்தில் இடமாற்றம் கேட்பார். இங்கே குடியியல் வழக்கில் நல்ல பெயர் எடுத்த, கோவையை ஒழுங்காக வாசிக்கிற ஒருவர் தொழில் சட்டத்தை ஒரு வருடத்தில் பிடித்துவிடுவார். யாழ் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் படித்து வெளியேறிய பிள்ளைகளும் இப்போது வழக்கு நடத்துகிறார்கள், அவர்களில் பெண்கள் நிறையப் பேர். நேர்முகத்தில் அவர்களிடம் மட்டும் 'களத்துக்குப் போவீங்களோ, பிள்ளையளை யார் பார்ப்பினம்' என்று கேட்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிரசவ விடுமுறை 84 நாள் கொடுக்காமல் வேலையை விட்டு நிற்பாட்டுகிற முதலாளிக்கு எதிராக வழக்குப் போட வருகிற அலுவலரிடமே இந்தக் கேள்வியைக் கேட்பது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு!

தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டால், நேர்முகத்தில் சட்டப் பிரிவு கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பிரிவைப் புத்தகத்தில் பார்க்கலாம். முடிந்துபோன கோவை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் கையில் கொடுங்கள். வரவு இடாப்பு, சம்பளப் பட்டியல், இரண்டு மூன்று கடிதம், முறைப்பாடு. இரண்டு மணித்தியாலம் கொடுத்து, திணைக்களத் தலைவருக்கு இரண்டு பக்கத்தில் தமிழில் ஆலோசனை எழுதச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒரு மாத இடாப்பை எடுத்துவிடுங்கள். இல்லாத மாதத்தை எங்கே என்று கேட்கிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பக்கம் பிழை என்று கோவையிலேயே தெரிகிறபோது அதை நேராக எழுதுகிறாரா, சுற்றி வளைக்கிறாரா என்று பாருங்கள். பிறகு நேர்முகத்தில் ஒரு கேள்வி: உங்கள் கட்சிக்காரரிடம் வழக்கை விடச் சொன்ன சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள், அவர் கேட்டாரா, கேட்காவிட்டால் நீங்கள் என்ன செய்தீர்கள்? அப்படி ஒன்றுமே இல்லை, எல்லாம் வென்றேன் என்கிறவரை நான் எடுக்க மாட்டேன்.

முன்பு முதலாளிமாருக்காக வாதாடியவர் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. சம்பளப் பட்டியல் இரண்டு வைத்திருக்கிறவர்கள் அதை எந்த அலுமாரியில் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பழைய கட்சிக்காரர்களின் பட்டியலை நியமனத்துக்கு முன்னமே எழுத்தில் வாங்கி, அந்தக் கோவைகள் அவர் மேசைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்முகக் குழுவில் ஓய்வு பெற்ற தொழில் நியாயசபைத் தலைவர் ஒருவர் இருக்கட்டும். நிர்வாக அதிகாரிகள் மட்டும் இருந்து தெரிவு செய்தால், தங்களுக்குத் தலையாட்டுகிறவரைத்தான் எடுப்பார்கள்.

கடைசியாகச் சம்பளம். யாழ்ப்பாண நீதிமன்றங்களில் நன்றாக ஓடுகிற சட்டத்தரணி ஒருவர் காணி உறுதி எழுதியே அரச சம்பளத்தை இலகுவாகத் தாண்டிவிடுவார், அதை விட்டுவிட்டு வா என்று கூப்பிடுகிறபோது கையில் ஏதாவது இருக்க வேண்டும். சம்பளத் திட்டத்தை நினைத்தபடி மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாலு வருடத்துக்கு இடமாற்றம் இல்லை என்று நியமனக் கடிதத்திலேயே எழுதலாம். நீதிமன்றங்களுக்குப் போய் வர வாகனம், தமிழ்த் தட்டச்சு தெரிந்த ஒரு எழுதுநர், பக்கத்தில் வேலை பழக ஒரு இளம் சட்டத்தரணி, இவ்வளவும் கொடுக்கலாம். இளையவர் கட்டாயம் வேண்டும். மூத்தவர் ஓய்வு பெற்றுப் போகிற நாளில் கோவைகளைப் பொறுப்பெடுக்க ஆள் இல்லாமல், திரும்பவும் விளம்பரத்திலிருந்து தொடங்குகிற நிலை வரக்கூடாது.