ஏழு நாள் ஆர் வீட்டில?

2022 ஜனவரி 7, வெள்ளிக்கிழமை இரவு. அம்மாவின் பை மட்டும் கட்டி முடிந்திருந்தது. திருச்சியில் இருக்கும் சின்னம்மாவுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், இரண்டு கிலோ தேயிலை, பழைய பேப்பரில் மூன்று சுற்றுச் சுற்றிய கருவாடு. மற்ற நாலு பேரும் உடுப்பு எடுத்து வைப்பதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தோம். 13ஆம் திகதி கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு விமானம். அந்த இரவுதான் இந்திய அரசின் புதிய கொரோனா அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது: 11ஆம் திகதி முதல் வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் 7 நாள் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டும், எட்டாம் நாள் பிசிஆர் எடுக்க வேண்டும்.

எங்கள் பயணமே பத்து நாள்தான்.

இந்தப் பயண யோசனை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உப்புவெளியில் எங்களுக்கு மூன்று அறை கொண்ட ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. நானும் இவரும்தான் முதலாளி, வேலைக்காரர், சமையல் எல்லாம். திருகோணமலையில் சீசன் சித்திரை வைகாசியில் தொடங்கி புரட்டாசியோடு முடியும். மார்கழி தையில் மழையும் கொந்தளிக்கிற கடலும்தான். புறாத்தீவுக்குப் படகு போகாது, நிலாவெளியில் நாய்கள் மட்டும் நடமாடும். ஆகவே எங்களுக்கு விடுமுறை என்றால் அது தை மாதம்தான். சின்னம்மா 1990இல் படகேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போனவர், அப்படியே திருச்சியில் தங்கிவிட்டார். அம்மா கடைசியாக அவரைப் பார்த்தது 2018இல். அம்மாவுக்குப் பழனிக்கு ஒரு நேர்த்திக்கடனும் இருந்தது. மகளுக்குச் சென்னையில் கடை பார்க்க வேண்டும். ஒன்பது வயது மகனுக்கு மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

2021 நவம்பர் 15 முதல் இந்தியா சாதாரண சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி கதவைத் திறந்தது. டிசம்பர் 15 முதல் வழமையான சர்வதேச விமானங்களும் ஓடும் என்று நவம்பர் 26ஆம் திகதி சொன்னார்கள். நான் துள்ளிக்கொண்டு விலை பார்க்கத் தொடங்கினேன். அதே 26ஆம் திகதிதான் உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரோன் திரிபுக்குப் பெயர் வைத்ததும். ஐந்தே நாளில், டிசம்பர் 1ஆம் திகதி, அந்த விமான அறிவித்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையிலான விசேட ஏற்பாட்டு விமானங்கள் மட்டும் ஓடின. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விலை ஏறிவிடும் என்ற பயத்தில் ஐந்து டிக்கெட்டையும் வாங்கிவிட்டோம். டிக்கெட் கையில் வந்த பிறகு மனிதருக்கு மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதை நான் எங்களிடமே பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செய்தியையும் ‘போகலாம்’ என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடித்தான் வாசித்தோம்.

கடதாசி வேலைகளை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெரியவர்கள் மூவரும் சைனோபாம் இரண்டும் போட்டு, பூஸ்டருக்கு பைசரும் போட்டிருந்தோம். ஊசி அட்டையை டிஜிட்டல் சான்றிதழாக மாற்ற வேண்டும். அட்டையில் அம்மாவின் பெயரை ஊசி போட்ட இடத்தில் எழுதியவர் ஒரு மாதிரி எழுதியிருந்தார், கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. ஓர் ஆங்கில எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காக ஒரு கந்தோருக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை இருந்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் திருத்தித் தந்தது. பிறகு பிசிஆர். புறப்படுவதற்கு முன் 72 மணித்தியாலத்துக்குள் மாதிரி எடுத்திருக்க வேண்டும். அறிக்கையை இந்தியாவின் ‘ஏர் சுவிதா’ தளத்தில் கடவுச்சீட்டோடு ஏற்ற வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. தனியாரிடம் ஒரு பிசிஆருக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 6,500 ரூபாய். ஐந்து பேருக்கு 32,500. ஐந்தில் ஒன்று பொசிட்டிவ் வந்தாலும் ஐந்து பேரும் வீட்டில். திருகோணமலையில் மாதிரி கொடுத்து, முடிவு வந்து, அதை ஏற்றி, இரவோடிரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்காவுக்கு ஓட வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்காவது ஒரு நாள் பிசகினால் எல்லாம் சரிந்துவிடும்.

காசு இன்னொரு தலையிடி. வங்கிப் பலகையில் டொலர் 203 ரூபாய் என்று போட்டிருக்கும், போய்க் கேட்டால் இல்லை. வெளியே கேட்டால் இருக்கும், ஆனால் விலை வேறு. நாட்டில் பால்மா இல்லை, காஸ் சிலிண்டர் வெடிக்கிறது என்று சனம் அடுப்பைத் தொடப் பயந்த நாட்கள் அவை. இந்த நேரத்தில் சுற்றுலாவா என்று எனக்கே ஒரு கூச்சம் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

சரி, ஜனவரி 7 இரவுக்கு வருவோம்.

இவர் அறிவித்தலை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “வீட்டுத் தனிமைதானே, ஆர் வந்து பார்க்கப் போயினம்?” என்றார். கனடாவிலிருந்து அண்ணா போனில் அதையேதான் சொன்னார். “நாங்கள் போன மாசமும் மெக்சிகோ போய் வந்தனாங்கள். ஊசி போட்டாச்சு, பிறகென்ன பயம்?” அண்ணாவின் ஊரில் பொசிட்டிவ் வந்தால் அவர் தன் வீட்டு நிலவறையில் படுத்துக்கொண்டு படம் பார்ப்பார். ட்ராவல்ஸ்காரரும் ‘எல்லாரும் போகினம், ஒண்டும் நடக்காது’ என்றார். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த ஏழு நாளும் அங்கே இருக்கப் போகிறவர் இல்லை என்பது எனக்கு அடுத்த நாள்தான் உறைத்தது.

அதை உறைக்க வைத்தது அம்மா. காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏழு நாளும் ஆர் வீட்டில இருக்கிறது, பிள்ளை?”

நான் யோசிக்கவே இல்லை. இறங்குவது சென்னையில். தனிமையில் இருக்க வேண்டியவர்கள் ரயிலில் ஏறி ஐந்து மணித்தியாலம் திருச்சிக்குப் போவது எப்படி? சென்னையில் ஹோட்டலில் இருந்தால் இரண்டு அறை, ஏழு இரவு, மூன்று வேளைச் சாப்பாடு. எங்கள் கையில் இருந்த காசுக்கு அதுவே முழுப் பயணமும். சரி, ஒளித்து மறைத்துத் திருச்சிக்குப் போய்விட்டோம் என்று வையுங்கள். சின்னம்மா இருப்பது வாடகை வீட்டு மாடியில், இரண்டு அறை. அங்கே சின்னம்மா, சித்தப்பா, மகன், மருமகள். சித்தப்பாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ்.

சின்னம்மாவிடம் போன் எடுத்தேன். “வாங்கோ, எப்படியும் சமாளிக்கலாம்” என்றார். வேறு என்ன சொல்வார்? நானும் அந்த டிசம்பரில் எங்கள் கெஸ்ட் ஹவுஸுக்கு மெயில் போட்டு ‘அங்கே நிலைமை எப்படி, வரலாமா’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘தாராளமாக வாருங்கள், ஒரு பயமும் இல்லை’ என்றுதான் பதில் போட்டேன். முதல் நாள் இரவு பக்கத்துத் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து போயிருந்தாலும் அதே பதில்தான். பொய் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. வருகிறவர்கள் வர வேண்டுமே என்ற ஆசைதான் எழுதியது.

மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாததும் அல்ல. 2020 மார்ச்சில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு தம்பதி எங்களிடம் நாலு நாள் தங்க வந்தார்கள். மார்ச் 19ஆம் திகதி வருகிற விமானங்களுக்கு கட்டுநாயக்கா மூடப்பட்டது, 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. அவர்களுடைய திரும்பும் விமானம் ரத்து. நாலு நாள் ஐந்து கிழமையானது. நல்ல மனிதர்கள். முதல் கிழமை கடலைப் பார்த்துக்கொண்டு ‘இதைவிட நல்ல இடத்தில் யாரும் மாட்டிக்கொள்ள முடியாது’ என்று சிரித்தார்கள். மூன்றாம் கிழமை அந்த அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்தது. ஊரடங்கு நேரத்தில் அந்தக் குளிசையைத் தேடி இவர் பாஸ் எடுத்துக்கொண்டு டவுனுக்கு அலைந்தார். வேறு பெயரில் ஒன்று கிடைத்தது, அது அதேதானா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் விடியற்காலையில் எழும்பி முற்றத்தில் போனைக் கையில் வைத்தபடி நடப்பார், தூதரகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று. அவர்கள் ஆபத்தில் இல்லை. சாப்பாடு இருந்தது, கூரை இருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு நாளும் எங்களிடம் மன்னிப்புக் கேட்பது போலவே கதைத்தார்கள்.

நாங்கள் சின்னம்மாவின் மாடியில் அப்படி இருக்கப் போகிறோமா? எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்குத் திரும்பும்போது பொசிட்டிவ் வந்தால்? பயணக் காப்புறுதி விற்றவரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு தருவோம், அறிகுறி இல்லாமல் ஹோட்டலில் தனிமையில் இருந்தால் அந்த வாடகை எங்கள் கணக்கில் வராது என்றார். நேர்மையாகச் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு நாள் நாங்கள் முடிவெடுக்கவில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சனி ஞாயிறு முழுக்க, டிக்கெட் காசு போய்விடுமே என்ற ஒரே பேச்சு. இவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. “என்ன இப்படி யோசிக்கிறீர், பிள்ளையளின்ர ஆசையையும் பாரும்” என்றார். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஜனவரியில்தான் ஊசியே தொடங்கியிருந்தது.

10ஆம் திகதி தமிழ்நாட்டிலிருந்து அடுத்த செய்தி. 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை, 16ஆம் திகதி ஞாயிறு முழு ஊரடங்கு. தைப்பூசம் 18ஆம் திகதி. அம்மா பையைத் திறந்து கருவாட்டை வெளியே எடுத்து வைத்தார். “முருகனே கதவைச் சாத்திப்போட்டார், நாங்கள் ஏன் நிக்கிறது?” அவ்வளவுதான். முடிவு எடுத்தது நானோ இவரோ இல்லை.

அடுத்த நாள் விமான நிறுவனத்துக்குப் போன் எடுத்து முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டேன். காசு திரும்பாது, ஒரு வருடத்துக்குள் திகதி மாற்றலாம், விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும் என்றார்கள். கருவாட்டை நாங்களே பொரித்துச் சாப்பிட்டோம். பொங்கலன்று நல்ல மழை. முற்றத்தில் தகரம் பிடித்துக்கொண்டு பொங்கினோம். சின்னம்மா வீடியோவில் எங்கள் பானையைப் பார்த்தார், நாங்கள் அவருடைய காஸ் அடுப்பில் குக்கரைப் பார்த்தோம்.

அந்த நாட்களில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 20,000க்கு மேல் தொற்று. ஜனவரி கடைசியில் சித்தப்பாவுக்கும் வந்துவிட்டது. அவருடைய மகன் வேலைக்குப் போய்க் கொண்டுவந்ததாகத்தான் சொன்னார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தப்பிவந்தார். செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, நிம்மதி. நாங்கள் அங்கே இருந்திருந்தால், வைரஸ் எந்த வழியால் வந்ததோ, அது ஆயுள் முழுக்க எங்கள் தலையில்தான் இருந்திருக்கும். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க என்னை எனக்கே பிடிக்கவில்லை.

தள்ளிப்போட்டதற்கு விலை இல்லாமல் இல்லை. மார்ச் 7ஆம் திகதி ரூபாயை மிதக்க விட்டார்கள். 203ஆக இருந்த டொலர் மாதம் முடிவதற்குள் 300 ஆனது, மே நடுவில் 360. மார்ச் 27 முதல் இந்தியாவுக்கு வழமையான விமானங்கள் ஓடத் தொடங்கியபோது அந்த விலை வித்தியாசத்தைக் கட்ட எங்களால் முடியவில்லை. யூன் கடைசியில் கட்டுநாயக்கா வரை போக வானுக்கு டீசலே இல்லை. அந்த டிக்கெட்டுகள் அப்படியே காலாவதியாகின. இவர் இன்றைக்கும் ‘அண்டைக்கே போயிருந்தா மலிவாய் முடிஞ்சிருக்கும்’ என்பார். கணக்கில் அவர் சொல்வது சரி. நான் வாதாடுவதில்லை.

கடைசியில் 2023 ஜனவரியில்தான் போனோம். ஏர் சுவிதாவை நவம்பரிலேயே நிறுத்தியிருந்தார்கள். டிசம்பர் 12 முதல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் மறுபடி தொடங்கியிருந்தது. வவுனியா வழியாகப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து ஏறினோம். பழனியில் நேர்த்தி முடிந்தது, மகன் மெட்ரோவில் நாலு தரம் போய் வந்தான்.

திருச்சியில் சின்னம்மா வீட்டு மாடிப்படி ஒருவர் மட்டும் ஏறக்கூடிய அகலம். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். சின்னம்மா கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு, கை கால் கழுவ எங்கே போவது என்று அம்மா கேட்டார். அறைக்குள்ளே, சித்தப்பாவின் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீட்டில் கழிப்பறை அது ஒன்றுதான். அம்மா திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.