வினிகர் ஊற்றிய பருப்பு

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. விருந்தாளிக்கு ஆறின சாப்பாடா என்று மனசு சுருங்கிவிட்டது. இங்கே பல வீடுகளில் மதியம்தான் சூடான சாப்பாடு, ராத்திரிக்கு ரொட்டி. அவர் என்னை வீட்டு மனுஷியாக நினைத்திருக்கிறார்.

அதே அம்மாதான் லின்சன் மிட் ஷ்பெட்ஸ்லே, அதாவது முட்டை நூடுல்ஸோடு பருப்பு, செய்யச் சொல்லிக்கொடுத்தார். ஷ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஷ்வாபியப் பகுதி வீடுகளின் அன்றாடச் சாப்பாடு அது. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு மாதிரியான பருப்பை கேரட், செலரிக் கிழங்கு, வெங்காயத்தோடு வேகவைத்து, வெண்ணெயில் சிவக்க வறுத்த மாவைக் கரைத்துவிட்டு, கடைசியில் வினிகர். "முன்னாடியே ஊற்றினால் பருப்பு வேகாது" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பருப்பு வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பாடமாயிற்றே!

ஷ்பெட்ஸ்லேவுக்கு மாவு, முட்டை, உப்பு, தண்ணீர் போதும். குழைவாக அடித்து, பலகையில் பரப்பி, மெல்லிசாகச் சீவிக் கொதிக்கிற தண்ணீரில் தள்ள வேண்டும். மிதந்தால் வெந்தாச்சு. கை பழகாதவர்களுக்கு அச்சும் விற்கிறார்கள், நம் இடியாப்ப அச்சேதான், துளைதான் பெரிசு.

இந்தப் பருப்பு பக்கத்து ஷ்வாபியன் ஆல்ப் மலைப்பகுதியில் விளைகிறது. செடி தானாக நிற்காது என்பதால் ஓட்ஸ், பார்லியோடு சேர்த்து விதைக்கிறார்கள். போன நூற்றாண்டின் நடுவில் சாகுபடியே நின்றுபோய், பழைய விதைகளும் தொலைந்துவிட்டன. லவுட்டராக் ஊர் விவசாயக் குடும்பம் ஒன்று மறுபடி பருப்புப் பயிரிட ஆரம்பித்தது. தொலைந்த ரகங்கள் 2006-இல் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாவிலோவ் நிறுவனத்தின் விதைச் சேமிப்பில் கிடைத்தன. ஒரு பருப்புக்காக இவ்வளவு தேடியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் இதுதான். சாதம் இல்லாமலே வயிறு நிறைகிறது, ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குவதில்லை என்றுகூடச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பருப்பு கொதிக்கிற வாசனை வந்ததும் கை தானாகப் பெருங்காய டப்பாவைத் தேடுகிறது. கல்சட்டியில் அம்மா தாளித்துக் கொட்டும் கடுகும் கறிவேப்பிலையும், அந்த 'சுர்ர்' சத்தமும்! போன வாரம் தாளித்தே விட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ருசி பார்த்துவிட்டு, கடுகு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.