ஓரத்துக் கெபாசிட்டர்

என் முதல் வேலை பாஸ்டனைச் சுற்றி ஓடும் ரூட் 128 சாலையோரத்தில், மினி கம்ப்யூட்டர் (பெர்சனல் கம்ப்யூட்டருக்கு முந்தைய, அலமாரி அளவிலான கணினி) செய்த ஒரு நிறுவனத்தில். சிப், சர்க்யூட் போர்டு, டிஸ்க், இயங்குதளம் எல்லாம் உள்ளேயே தயாராகும். அதில் எங்களுக்குப் பெருமை. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பதைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்வோம்.

ஒருமுறை வாடிக்கையாளர்களிடம் போன போர்டுகள் சில மாதங்களில் ஷார்ட் ஆகித் திரும்பி வந்தன. எங்கள் சோதனையில் எல்லாமே தேறியவை. காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் பிடித்தது. பல போர்டுகளை ஒரே பேனலாகச் செய்து, கடைசியில் கீறல் கோட்டில் உடைத்துப் பிரிப்பார்கள். அப்போது போர்டு லேசாக வளையும். கோட்டை ஒட்டி செராமிக் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம்) இருந்தால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த நான்கு மாதமும் வெளியே ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

சந்தை பெர்சனல் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்ததும் அந்த வட்டாரமே ஆட்டம் கண்டது. 1992இல் அங்கிருந்த கம்ப்யூட்டர் நிறுவனமான வாங் லெபாரட்டரீஸ் திவால் பாதுகாப்புக் கேட்டது. 1998இல் அங்கிருந்த இன்னொரு நிறுவனமான டிஜிட்டல் எக்விப்மென்ட்டை காம்பேக் வாங்கியது. இரண்டுக்கும் நடுவில் எனக்கும் வேலை போனது. நான் கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் உள்ள சான் ஹோசே வந்து சேர்ந்தேன்.

வந்த மூன்றாவது வாரம். எங்கள் புதிய போர்டின் வரைபடம் இன்னும் முடியவில்லை. பாகங்களைப் பொருத்திப் போர்டு பூட்டித் தரும் வெளி நிறுவனத்தின் பொறியாளர் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் விரலை வைத்தார். "இந்தக் கெபாசிட்டரைத் திருப்பிப் போடுங்கள், கோட்டுக்கு இணையாக. கொஞ்சம் உள்ளேயும் தள்ளுங்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வேறோர் இடத்தில் பட்டோம்."

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாரோ மாதக்கணக்கில் பட்ட பாடு பத்து நிமிடத்தில் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவர்களுடைய ரகசியம் எதுவும் கூடவே வரவில்லை. வட்டார ஒத்துழைப்பு என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வரும்.

இது மனிதர்களின் நல்ல குணம் மட்டுமல்ல. போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஊழியரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் 1872 முதலே கலிபோர்னியச் சட்டப்படி செல்லாது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் அது செல்லும். 2018இல்தான் பொதுவாக ஓராண்டு என்று வரம்பு வைத்தார்கள். இன்று எதிர்த்துப் போட்டியிடுபவர் நாளை பக்கத்து நாற்காலிக்கு வரக்கூடும் என்றால் அவரிடம் பேசும் விதமே மாறிவிடும். மாலையில் டி ஆன்சா கல்லூரி வகுப்புக்குப் போனால் நாலைந்து நிறுவனங்களின் டெக்னீஷியன்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். என் பாதிப் படிப்பு அந்த வரிசையில் நடந்தது.

அந்தப் பள்ளத்தாக்கும் அடி வாங்காத இடமல்ல. 1980களின் நடுவில் மெமரி சிப் சந்தையை ஜப்பானிய நிறுவனங்களிடம் இழந்தது. எழுந்து நின்றபோது, எல்லாவற்றையும் தானே செய்யாமல் ஒரே ஒரு வேலையை நன்றாகச் செய்து மற்றவர்களோடு சேர்ந்து நின்ற சின்ன நிறுவனங்களுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது.

முதலாளிகள் கைகோப்பதை எல்லாம் ஒத்துழைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் ஊழியரை மற்றவர் அழைக்கக் கூடாது என்று அதே பள்ளத்தாக்கின் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. 2010இல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் தலையிட்டு அதை நிறுத்தியது. ஒரு வட்டாரத்தை உயிரோடு வைத்திருக்கும் போக்குவரத்தையே அடைக்கிற வேலை அது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பின்னாளில் வேலை விஷயமாக நெதர்லாந்தின் ஐந்தோவன் போனேன். அங்கே 1990களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் பெருமளவில் ஆள்குறைப்புச் செய்தது, 1993இல் டாஃப் லாரி நிறுவனம் திவாலானது. நகராட்சியும் தொழில் சபையும் பல்கலைக்கழகமும் ஒன்றாக உட்கார்ந்தது அந்த அடிக்குப் பிறகுதான். தன் ஆய்வு வளாகத்தையே பிலிப்ஸ் 2003இல் பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. கலிபோர்னியாவில் பழக்கமாக வளர்ந்ததை அவர்கள் முடிவெடுத்துக் கட்டியிருந்தார்கள்.

சான் ஹோசேயில் பட்டதைச் சொல்லித்தரும் முறை ஒருநாள் எனக்கும் வந்தது. எங்கள் கம்ப்யூட்டர்களில் மெமரிப் பிழை, வரும், போகும். தகரம் பூசிய சாக்கெட்டில் தங்கம் பூசிய மெமரி மாட்யூலைச் செருகியிருந்தோம். இரண்டும் உரசி, இடையில் தகர ஆக்சைடு படிந்து, தொடர்பு விட்டுவிட்டு வந்தது. போர்டு பூட்டும் அதே பொறியாளரைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன் என்றதும் மேலாளர் சற்று யோசித்தார். பிறகு, "மாடல் எண்ணை மட்டும் சொல்லாதே" என்றார்.

அடுத்த மாதம் அவர்களுடைய வடிவமைப்புக் கையேட்டில் ஒரு வரி கூடியிருந்தது: சாக்கெட்டும் மாட்யூலும் ஒரே உலோகப் பூச்சாக இருக்கட்டும். எங்கள் பெயர் அதில் இல்லை.