ஊசியை விட்ட பிறகும் விலகாத மந்தம்

ஹெராயினை நிறுத்தினால் தலை தெளிந்துவிடும் என்று நம்பித்தான் சிகிச்சைக்குப் போனேன். உடல் தேறியது. நாக்கின் அடியில் கரையும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைச் செவிலியரின் கண் முன்னே தினமும் போட்டுக்கொண்டதில் நடுக்கமும் குளிரும் வயிற்றுப்போக்கும் அடங்கின. தலை மட்டும் தெளியவில்லை.

சென்னைப் பாரிமுனையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எல்லாச் சரக்கின் விலையையும் மனத்திலேயே வைத்திருந்தவன் நான். இப்போது வாடிக்கையாளர் சொன்ன மூட்டைக் கணக்கு, பில் புத்தகத்தைத் திறப்பதற்குள் மறந்துபோனது. ஒருநாள் முதலாளி தனியே அழைத்து, "தம்பி, மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா?" என்று கேட்டார். அண்ணாச்சி கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். நான் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் அவர் நம்பும்படி காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

மனவுறுதி போதவில்லை என்றார் ஓர் ஆலோசகர். மாத்திரை கொடுக்கும் மையத்தின் மருத்துவர் அப்படிச் சொல்லாமல் சோதித்துப் பார்த்தார். நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று பத்து நிமிடத்தில் பார்க்கும் மோகா சோதனை அது. மொத்தம் 30 மதிப்பெண்; 26 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பொதுவாகக் கவலையில்லை. பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் வரைய வேண்டும், ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். 93, 86 வரை சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. கணக்கே தொழிலாக இருப்பவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊசியைப் பகிர்ந்த பழக்கம் உண்டு என்பதால் இரத்தமும் எடுத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் சி இருந்தது. மஞ்சள் காமாலை, வலி என்று ஓர் அறிகுறியும் இல்லாமல் கல்லீரலில் அழற்சி நடந்துகொண்டிருந்திருக்கிறது. காய்ச்சலில் படுத்திருக்கும்போது கூட்டல்கூட வராதல்லவா, அதன் மெல்லிய வடிவம் மாதக்கணக்கில் நீடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் விளக்கினார். அழற்சியின்போது சுரக்கும் புரதங்கள் மூளையில் இருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்களை உசுப்பிவிடுகின்றன. கவனமும் நினைவும் யோசிக்கும் வேகமும் தளர்கின்றன. ஓபியம் வகைப் பொருள்களுக்கும் அந்தச் செல்களைத் தூண்டும் இயல்பு உண்டாம். என் தடுமாற்றத்துக்கு உடலில் ஒரு காரணம் இருக்கலாம் என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெபடைட்டிஸ் சி-க்கு மருந்து இலவசம். கல்லீரல் சுருங்கும் நிலைக்குப் போகாததால் சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராம், தினமும் ஒரு வேளை, 12 வாரம். தலைவலியும் அசதியும் கொஞ்சம் இருந்தன. வேலைக்குப் போவதற்குத் தடையில்லை. மாத்திரை முடிந்து மேலும் 12 வாரம் கழித்து, வைரஸின் மரபுப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை எடுத்தார்கள்; வைரஸ் இல்லை.

அதன்பின் மோகாவைத் திரும்ப எழுதினேன். இந்த முறை 79, 72, 65 என்று இறங்கிக்கொண்டே போனேன். வைரஸ் போனதாலா, ஹெராயின் இல்லாமல் மாதங்கள் ஓடியதாலா, தூக்கம் சீரானதாலா, ஒருமுறை எழுதிப் பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எல்லாம் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். விலைப்பட்டியல் முழுதும் திரும்பிவிடவில்லை. பெரிய ஆர்டர்களை இன்னும் உடனே குறித்துக்கொள்கிறேன்.

ஊசி போட்ட பழக்கம் இருந்தவர்கள் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: குணமான பிறகும், வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டிபாடி சோதனை "பாசிட்டிவ்" என்றே காட்டும். வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. சோதனைதான். அந்த அறிக்கையின் நகலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதற்குத் தடுப்பூசி கிடையாது, மறுபடியும் தொற்றக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.